பின் ஆக்சில் கணக்கு

"பின் ஆக்சில் ரேஷியோவை மாற்றிவிட்டால் வண்டி சொகுசாக ஓடுமாமே?" பழைய டீசல் மோட்டார் ஹோம் வாங்கியவர்கள் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டது, பிள்ளைகள் தனித்தனியாகக் குடும்பம் நடத்துகிறார்கள், ஊர் சுற்ற வேண்டும் என்று நெடுநாளாக ஓர் ஆசை. கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் டீசல் வண்டிகளோடு பிழைத்து வயதானவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள்.

ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ நான் உடனே சொல்வதில்லை. எந்தச் சாலையில், எவ்வளவு சுமையோடு, என்ன வேகத்தில் போகிறீர்கள் என்று கேட்பேன். இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர்கள் குறைவு. போக ஆசைப்படும் பயணத்தை விரிவாகச் சொல்வார்கள். வருஷத்தில் பத்து மாதம் உண்மையில் போய்வரும் பயணத்தைப் பற்றிக் கேட்டால் யோசிப்பார்கள். ஆக்சிலைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது பயணம்தான்.

விஷயம் இதுதான். இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸைத் தாண்டி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்சிலுக்கு வருகிறது. அங்கே பினியன் என்ற சிறிய பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால் ரேஷியோ 4.10. ஷாஃப்ட் நான்கு தடவைக்குச் சற்று அதிகமாகச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். 13 பல்லுக்கு 46 பல் என்றால் 3.54. எண் பெரிதானால் இழுவை கூடும், ஆனால் இன்ஜின் வேகமாகச் சுழன்றாக வேண்டும். எண் சிறிதானால் இன்ஜின் நிதானமாகச் சுழலும், இழுவை அதே அளவுக்குக் குறையும். 4.10ஐ எடுத்துவிட்டு 3.54 போட்டால் இன்ஜின் சுற்று நூற்றுக்குப் பதினான்கு குறைகிறது. சக்கரத்தில் கிடைக்கும் இழுவையும் நூற்றுக்குப் பதினான்கு குறைகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வழியே இல்லை.

என் தெருவில் ஒரு தம்பதி இருக்கிறார்கள், இருவருக்கும் எழுபதுக்கு மேல். 1980களின் நடுவில் வந்த ஃபோர்டு ஈ-350 அடிச்சட்டத்தின் மேல் கட்டிய மோட்டார் ஹோம் வைத்திருக்கிறார்கள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தயாரித்த 6.9 லிட்டர் வி-8 டீசல் இன்ஜின், டர்போ கிடையாது. சி-6 என்ற மூன்று வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்; இன்ஜினைக் குறைந்த சுற்றில் ஓடவிடும் ஓவர்டிரைவ் கிடையாது. பின்னால் 4.10. டாப் கியரில் மணிக்கு 55 மைல் வேகத்தில், அதாவது 88 கிலோமீட்டரில் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்று. 65 மைலில், அதாவது 105 கிலோமீட்டரில், 2,950. மூன்றாயிரத்துக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகப் பழைய டீசலை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் இரைச்சல் தெரியும். அந்த மாடலில் இன்ஜின் டிரைவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில், முழங்காலை ஒட்டிய ஒரு மூடிக்கு அடியில்தான் இருக்கிறது. சூடும் சத்தமும் இருவருக்கும் இடையில் மூன்றாவது ஆளைப்போல உட்கார்ந்திருக்கும்.

கணவர் டீசல் செலவு என்று சொல்லித்தான் என்னிடம் வந்தார். கூடவே வந்த அவர் மனைவி கடைசியில் சொன்னது வேறு: "காலையில் வண்டியில் ஏறினால் சாயங்காலம் இறங்கும்வரை நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. கத்தினால்தான் அவருக்குக் கேட்கிறது." நான் கேட்டதிலேயே ரேஷியோ மாற்ற மிக நியாயமான காரணம் அதுதான். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியவில்லை என்றால் ஊர் சுற்றி என்ன பயன்?

டீசல் கணக்கை முதலில் போட்டோம். காலனுக்கு 10 மைல் கொடுக்கும் வண்டி, மாற்றிய பிறகு 11 கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 5,000 மைல் ஓடினால் மிச்சம் 45 காலன். காலன் நான்கு டாலர் என்றால் 180 டாலர். கிரவுன்-பினியன் செட், புது பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். போட்ட பணம் திரும்பிவர எத்தனை வருஷம் ஆகும் என்று அவரே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஆனால் 65ஐ 55ஆகக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு நூற்றுக்கு இருபத்தெட்டு குறைகிறது. அதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

இந்த 55 என்ற எண்ணைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா திண்டாடிப்போனது. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், நாடு முழுவதும் வேக உச்சத்தை 55 மைல் ஆக்கியது. 1987இல்தான் ஊர்ப்புற இன்டர்ஸ்டேட் சாலைகளில் 65க்கு அனுமதி வந்தது, 1995இல் சட்டமே போனது. அந்த வண்டி பிறந்தது 55 ஆட்சி செய்த காலத்தில். 55இல் 2,500 சுற்று என்பது அந்த இன்ஜினுக்குப் பொருத்தமான இடம். மலை வந்தால் ஏறத் தெம்பு இருக்கும், சமவெளியில் மூச்சு வாங்காது. அடிச்சட்டம் செய்தவர்கள் விவரம் தெரியாமல் 4.10 போட்டுவிடவில்லை. காலம் மாறியது, பக்கத்தில் போகும் கார்கள் வேகம் பிடித்தன, வண்டி மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது.

குடும்பங்களிலும் இதைப் பார்க்கிறேன். கையைக் கடித்த காலத்தில் ஒரு தகப்பன் வீட்டுக்குச் சில ஒழுங்குகளை வைத்திருப்பார். விளக்கை அணை, வெளியே சாப்பிடாதே, ஒவ்வொரு ரசீதையும் எடுத்துவை. அந்த ஒழுங்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள், வீட்டுக் கடன் அடைந்தது. இன்றைக்குப் பிள்ளைகள் அவரைக் கஞ்சன் என்கிறார்கள். அவரோ மனைவியின் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்ப்பதிலும் அதே ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கணக்கு எந்த வருஷத்தில் போட்டது என்று இரு பக்கமும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் பார்த்தால் தகப்பன் மேல் மரியாதை வரும். தகப்பன் பார்த்தால் ஒழுங்கைத் தளர்த்தத் தைரியம் வரும். வயதானவர்கள் எல்லாரும் இப்படி ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

மலைக்கு வருவோம். எங்கள் ஊரிலிருந்து தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸ் போக வேண்டுமானால் கிரேப்வைன் ஏற்றத்தைத் தாண்டியாக வேண்டும். 6 சதவீதச் சரிவு, உச்சியில் தெஹோன் கணவாய், 1,263 மீட்டர். ஐந்து டன் வண்டியை அந்தச் சரிவில் 72 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே சுமார் 80 குதிரைத்திறன் வேண்டும். காற்று, டயர், கியர்பாக்ஸ் தின்பது தனி. இன்ஜின் கொடுப்பது மொத்தமே சுமார் 170, அதுவும் 3,300 சுற்றில். எந்தப் பல்சக்கரத்தைப் போட்டாலும் அந்த 80 குறையாது, இந்த 170 கூடாது. 4.10 இருந்தால் இரண்டாவது கியரில் 72 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் ஏறத்தாழ 2,980 சுற்றில் நிற்கும், சக்தியின் உச்சிக்கு அருகில். 3.54 போட்டால் அதே இடத்தில் 2,570. சக்தி குறைவு, ஏற்றம் இன்னும் மெதுவாகும். பொறுமையில்லாமல் ஆக்சிலரேட்டரை அழுத்தி, டாப் கியரிலேயே இழுக்க வைத்தால் கரும்புகை வரும், புகைக்குழாய்ச் சூடு ஏறும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் வழுக்கி, கியர்பாக்ஸ் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகும். சி-6இல் கன்வர்ட்டரைப் பூட்டும் லாக்-அப் வசதி இல்லை.

ஏறுவதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இறங்குவதைப் பற்றிக் கேட்பவர் இல்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான். இறக்கத்தில் இரண்டாவது கியரைப் போட்டு, இன்ஜின் பிடியில் வண்டியை இறக்குவதுதான் முறை. ரேஷியோ எண் குறைந்தால் அந்தப் பிடியும் தளர்ந்துபோகும். மிச்சத்தை பிரேக்தான் சுமக்க வேண்டும். நாற்பது வருஷ வண்டி, எழுபது வயதுக் கால், கீழே இறங்கும் நீண்ட சரிவு. பிரேக் சூடேறிக் கருகல் வாடை வந்த பிறகு கணக்குப் போட நேரம் இருக்காது. ரிவர்ஸ் கியருக்கும் இதே கதைதான். மேடான முகாம் இடத்தில் பின்னால் ஏற்றி நிறுத்தும்போது அங்குலம் அங்குலமாக நகர்த்துவது கடினமாகும்.

ஓவர்டிரைவ் என்று இன்னொரு வழி உண்டு. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு தனிப் பெட்டியைப் பொருத்தி, ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் குட்டையாக்குவார்கள். கியர் வெண்டார்ஸ் தயாரிக்கும் பெட்டியில் ரேஷியோ 0.78. போட்டால் 65 மைலில் 2,950 என்பது 2,300 ஆகும், எடுத்துவிட்டால் மலைக்கு அதே பழைய 4.10 கையில் இருக்கும். ஆக்சிலைவிடச் செலவு அதிகம். மலையும் சமவெளியும் கலந்து ஓடுகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

என் தெருத் தம்பதி இரண்டில் எதையும் செய்யவில்லை. பயணக் குறிப்பு எழுதிப் பார்த்ததில், அவர்கள் எப்போதும் பின்னால் ஒரு சின்னக் காரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது தெரியவந்தது. கலிபோர்னியாவில் இன்னொரு வண்டியை இழுத்துச் செல்லும் எந்த வண்டிக்கும் உச்ச வேகம் 55. சட்டப்படி அவர்கள் போக வேண்டிய வேகத்தில் இன்ஜின் 2,500இல்தான் ஓடும். இன்ஜின் மூடியின் ஓரத்து ரப்பர் பட்டையை மாற்றி, உட்புறம் சத்தம் தடுக்கும் விரிப்பு ஒட்டினோம். வலது ஓரமாக 55இல் போகிறார்கள். இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

நெப்ராஸ்காவில் இருக்கும் என் பழைய சக ஊழியருக்கோ, ரேஷியோவை மாற்று என்று தயங்காமல் சொன்னேன். அவரிடமும் அதே மாதிரி வண்டி. அவர் எதையும் இழுப்பதில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் கான்சாஸ், ஓக்லஹோமா வழியாக டெக்சாஸ் கடற்கரைக்கு இறங்குகிறார், வழியெல்லாம் சமவெளி. அவருக்கு 3.54 நன்றாகவே பொருந்தியது. வேலையைப் பார்க்க நானே போயிருந்தேன். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்தவை, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பினியனுக்குப் பின்னால் வைக்கும் ஷிம் தகடு கடுகளவு தவறினாலும் ஆக்சில் ஊளையிடும். அந்த மெக்கானிக் கிரவுன் பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் சுற்றி, பல்லில் பல் பட்ட தடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். தடம் பல்லின் விளிம்புக்கு ஓடியிருந்தது. கழற்றினார், ஷிம்மை மாற்றினார், திரும்பப் பூட்டினார். தடம் நடுவில் விழும்வரை அலுக்காமல் இதையே செய்தார். பற்களுக்கு இடையே விடும் தளர்வான பேக்லாஷை டயல் கேஜ் வைத்து அளந்தார், கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவசரப்படாத கைகள் அவை. அப்படிப்பட்டவர் கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

வேலை முடிந்த பிறகும் இரண்டு காரியம் இருக்கிறது. முதல் 500 மைல் சுமை ஏற்றாமல், கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, பிறகு கியர் ஆயிலை மாற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டர் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் முள் 56 என்று காட்டும்போது வண்டி 65இல் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே, பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, கடைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் சில வேலைகளைச் செய்யுங்கள். வண்டிக்கு அடியில் போய், பின் ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில் மாட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள், உங்கள் ரேஷியோ அதில் இருக்கும். தகடு தொலைந்திருந்தால் பின்சக்கரம் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, சாக்பீஸால் குறியிட்டு, சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, துணிமணி, பாத்திரம் எல்லாம் ஏற்றி, லாரி எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். அடுத்த பயணத்தில் துணையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வேகத்தையும் சாலையையும் எழுதச் சொல்லுங்கள். ஏற்றத்தை எழுதும் பக்கத்திலேயே இறக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.