முதல் மீன்

கடல் மீனையும் பவளத்தையும் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்ப்பது அரசாங்கத்தாருக்கும் செல்வருக்குமே இயன்ற காரியம் என்று நம்மவரிடையே ஓர் எண்ணம் இருந்து வருகிறது. ஒரு காலத்தில் அது உண்மையே. இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 1853 ஆம் ஆண்டிலும், சென்னைக் கடற்கரையில் 1909 ஆம் ஆண்டிலும் மீன்காட்சிச் சாலைகள் திறக்கப்பட்டபோது, கடலுக்குள் நடப்பதைக் காண விரும்பிய பொதுமக்கள் அங்கே சென்றுதான் காண வேண்டியிருந்தது. இன்றோ சுங்கை பட்டாணியில் ஒரு வரிசை வீட்டின் கூடத்திலும் அது இயலும். சென்ற ஆண்டு நமது இல்லத்தில் அதனைச் செய்து பார்த்தோம். பொழுதுபோக்காகத் தொடங்கிய அவ்வேலை, நம் முன்னோரைப் பற்றிய ஒரு விஷயத்தை நினைவூட்டியமையால் இதனை எழுதலானோம்.

தொட்டி மூன்றடி நீளமுள்ளது. ஏறத்தாழ 180 லிட்டர் நீர் கொள்வது. குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பதால் அதனை வடிகட்டித் தூய்மையாக்கி, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைத்தோம். சமையலுப்பு இதற்கு உதவாது. பவளம் தன் கூட்டைக் கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இல்லை. கெடாவின் வெயிலில் தொட்டி நீர் 30 பாகையை எளிதில் எட்டிவிடும்; பவளத்துக்கோ 25 முதல் 27 பாகை வரை நலம். ஆகவே தொட்டியின் மேல் காற்றாடிகள் வைத்தோம். காற்றுப் பட்டு நீர் ஆவியாகும்போது தொட்டி குளிர்கிறது. ஆவியாவது நீரேயன்றி உப்பு அன்று. ஆதலால் குறைந்த அளவை நன்னீர் கொண்டே நிரப்ப வேண்டும். உப்பு நீர் ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறிவிடும்.

இவையெல்லாம் இரண்டு மூன்று நாள் வேலைகள். "ஐயா, நாளைக்கே நான்கு நீல மீன்களை விடுங்கள். மலிவான மீன்தான், செத்தாலும் நட்டமில்லை. அதற்குள் தண்ணீர் பழகிவிடும். பிறகு விலையுயர்ந்த மீனை விடலாம்" என்றார் மீன்கடைக்காரர். இஃது அவர் ஒருவருடைய யோசனையன்று. பல நாடுகளிலும் நெடுங்காலம் கையாளப்பட்ட முறையே. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது மீனின் செவுளைப் புண்ணாக்கும் நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வுழைப்பாளிகள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அதுவரை மலிவு மீன் தன் நஞ்சிலேயே நீந்தி அவற்றுக்கு உணவளிக்க வேண்டும் என்பதே அந்த யோசனையின் பொருள்.

நமது தாயார் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். அமோனியா என்ற சொல்லைக் கேட்டதும், "மரத்துப்பால் உறையாமலிருக்க ஊற்றுவோமே, அதுவா தம்பி? அது மூக்கை எரிக்குமே, இந்தத் தண்ணீரில் ஒரு வாடையும் இல்லையே" என்றார். மீனைக் கொல்ல லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமே போதும் என்றும், அவ்வளவு சிறிய அளவு மூக்குக்குத் தெரியாது, சோதனை மருந்துக்கே தெரியும் என்றும் கூறினோம். கடைக்காரர் சொன்னதையும் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "காடு வெட்ட முதலில் வந்தவர்களையும் அப்படித்தானே விட்டார்கள்" என்றார்.

அவர் கூற்றில் மிகையில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் காடழித்து ரப்பர் நட்டபோது, நிழலிலிருந்த ஓடைகள் வெயிலுக்குத் திறந்தன. அத்தகைய வெயில்பட்ட தெளிந்த நீரில் பெருகும் கொசு, மலேரியாவைப் பரப்பியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கொண்டுவரப்பட்டோர் லயங்களில் மடிந்தனர். மடிந்தவர் இடத்துக்கு வேறு ஆள் கப்பலேறி வந்தது. அதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்தோம். ஆனால் 1897 ஆம் ஆண்டிலேயே செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டுவிட்டார். 1901 முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து நோயைக் குறைத்துக் காட்டினார். காரணம் தெரிந்த பின்னும், வடிகாலைவிட ஆள் மலிவு என்று கணக்கிட்ட துரைமார் இருந்தனர்.

ஆகவே நாம் மலிவு மீன் வாங்கவில்லை. வெறுந்தொட்டியில் ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விட்டோம். அமோனியாவுக்கு அதுவே போதும். மாலைதோறும் குழாயில் நீரெடுத்துச் சோதித்தோம். மஞ்சளாயிருந்த சோதனை நீர் பச்சையாயிற்று. பின்னர் நைட்ரைட்டுக்குரிய ஊதா தோன்றியது. வந்த உறவினர், "காசைக் கொட்டி வெறுந்தண்ணீரையா பார்க்கிறீர்கள்?" என்று நகைத்தனர். முப்பத்தெட்டாம் நாள் இரண்டு நஞ்சும் இல்லையென்று சோதனை காட்டிற்று. அதன் பின்னரே நத்தைகளும், தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்ட இரண்டு கோமாளி மீன்களும் வந்தன. தாயார் அன்றிரவு நெடுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

பவளத்தைக் கடலிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்டோரும் உளர். நமது கரைக்கு எதிரே பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் என்னும் நான்கு தீவுகளைச் சுற்றிய கடல், 1994 இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பவளத்தைத் தொட்டு எடுப்பது குற்றம். 1998 இலும் 2010 இலும் கடல் நீர் சூடேறியபோது, பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் நீங்கிப் பல நாடுகளில் பவளங்கள் வெளுத்தன. நொந்து கிடக்கும் கடலிலிருந்து பறித்து வந்து கூடத்தை அழகுபடுத்துவது அறிவுடைமையன்று. வளர்ப்போரிடம் வெட்டி வளர்த்த சிறு துண்டுகளையே வாங்கினோம். இரண்டு மெல்லுடற் பவளங்கள் இப்போது நன்றாய் விரிந்து நிற்கின்றன.

தொட்டியில் மீன் செத்தால், வீட்டுக்கு வந்த கேட்டை அது தன்மேல் ஏற்றுக்கொண்டது என்று ஆறுதல் சொல்வது நம்மவர் வழக்கம். செத்த உயிரைப் புகழ்ந்து, கொன்ற காரணத்தை மறைக்கும் பேச்சு இது. தோட்டத்தில் இறந்தோரைப் பற்றியும் இதே விதமாகத்தான் பேசினோம். கடற்தொட்டி அமைக்க விரும்பும் அன்பர்கள், மீனுக்குப் பணம் கொடுக்குமுன் சோதனை மருந்து ஒன்றை வாங்குவார்களாக. ஆறு வாரம் வெறுந்தண்ணீரைப் பார்த்திருக்கவும் துணிவார்களாக.