கீறல் விழட்டும்... வண்டி ஓடட்டும்!

டி.வி. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி, புது சோபா மேல் பழைய பெட்ஷீட், கார் சீட்டில் ஷோரூமில் போட்டுக் கொடுத்த பாலிதீன் கவர்... காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கண்ணால்கூட முழுசாகப் பார்க்காமல் காப்பாற்றுவது நம் வீடுகளின் வழக்கம். கவர் கிழிந்து தொங்கினாலும் கழற்ற மனசு வராது.

கோவையில் ஒரு வீட்டில் இந்த வழக்கம், ஒரு புது காரையே நான்கு மாதம் போர்வைக்குள் நிறுத்தி வைத்தது.

முப்பத்தைந்து வருடம் லேத் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டுக்கு வந்த முதல் கார். முன்பணம் அவருடைய சேமிப்பு, இ.எம்.ஐ. மகளின் சம்பளம். ஆசைப்பட்டு எடுத்தது அடர் நீலம். வாங்கிய மூன்றாவது வாரமே, மார்க்கெட் வாசலில் ஒரு பைக்கின் ஹேண்டில்பார் பின்கதவை உரசிவிட்டுப் போனது. விரல் நீளத்துக்கு ஒரு கோடு. அடர்ந்த நிறத்தில் அது பளிச்சென்று தெரிந்தது.

அன்றிலிருந்து வண்டி வெளியே போகவில்லை. "வெயில் இறங்கட்டும்", "இன்னிக்குக் கூட்டமா இருக்கும்" என்று தினமும் ஒரு காரணம். தினமும் போர்வையை விலக்கித் துடைப்பார், மறுபடி மூடுவார். முட்டி வலியோடு இருந்த மனைவி, டாக்டரைப் பார்க்க டவுன் பஸ் படியேறித்தான் போனார். அதிகம் பேசாத அவர் ஒரே ஒரு தடவை சொன்னார்: "காருக்கு இருக்கிற மரியாதை என் முட்டிக்கு இல்லீங்க."

அந்த வார்த்தைதான் மகளைத் தேட வைத்தது. செல்போனில் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டவை எல்லாம் நிறம் மாற்றும் வீடியோக்கள். வெள்ளை கார் ஒரே நிமிடத்தில் மேட் கறுப்பாகிறது, சிவப்பு பச்சையாகிறது. அவை வினைல் ரேப். பி.வி.சி.யில் செய்த மெல்லிய ஸ்டிக்கர். முக்கிய வேலை அலங்காரம். வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருப்பதால், முழு நிறத்தையும் மாற்றுகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவையும் மாற்ற வேண்டும்.

அவள் தேடியது இன்னொன்று. பி.பி.எஃப். என்று சொல்லப்படும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம். நிறமில்லாத, கண்ணாடி போன்ற தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். வியட்நாம் போர்க் காலத்தில், அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் துகள்களும் அரிக்காமல் இருக்க ஒட்டப்பட்ட ஃபிலிமின் வாரிசு இது.

அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போனதே பெரும்பாடு. ஸ்டிக்கர் ஒட்ட இவ்வளவு செலவா என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒரு ஃபிலிம் துண்டைக் கையில் கொடுத்தார். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "பாயின்ட் டூ எம்.எம். இருக்குமா தம்பி?"

"கரெக்டுங்க ஐயா! 200 மைக்ரான். எப்படிங்க சொன்னீங்க?"

"லேத்துல நின்ன கைப்பா."

அதன்பிறகு பேச்சு இரண்டு தொழிலாளிகளுக்கு நடுவே நடந்தது. அந்தத் தம்பி சின்ன வயதில் நம்பர் பிளேட் எழுத்தும், பைக்குக்கு 'அம்மா' ஸ்டிக்கரும் பிளேடால் வெட்டிப் பழகியவர். எழுத்து ஒட்டத் தட்டையான இடம் போதும். பம்பரின் வளைவு அப்படி இல்லை. அதிகம் இழுத்தால் ஃபிலிம் மெலிந்து, பிறகு சுருங்கி, ஓரத்தில் தூக்கிக்கொள்ளும்.

"கதவுல இருக்கிற கீறல் மறையுமா?" என்று கேட்டார் அப்பா.

"மறையாதுங்க ஐயா. அதுமேல ஒட்டினா கீறலைப் பத்திரமா வெச்ச மாதிரி ஆயிடும். முதல்ல பாலிஷ் பண்ணிப் பார்க்கலாம்."

முழு வண்டிக்கும் என்றால் செலவு லட்சத்தைத் தொடும் என்றதும் அவர் எழுந்தேவிட்டார். தம்பியே வேறு வழி சொன்னார். கல் தெறிப்பது முன்பக்கத்தில்தான். பானெட், முன் பம்பர், பக்கக் கண்ணாடிகள், கதவு ஓரங்கள், நகம் படும் கைப்பிடிக் குழிகள் போதும். அதற்கு மகளும் சம்மதித்தாள்.

மறுநாள் வேலை முழுவதையும் அவர் நின்றே பார்த்தார். கழுவுவதும், களிமண் போன்ற க்ளே பாரால் தேய்த்து ஒட்டியிருக்கும் தூசை எடுப்பதும், ஆல்கஹால் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதுமே பாதி நாளைத் தின்றன. பிறகு மூடிய அறையில், குழந்தைகளுக்கான ஷாம்பு சில சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமைப் போட்டு, நகர்த்தி, சரியான இடத்தில் உட்கார வைத்தார்கள். ரப்பர் பட்டையால் தண்ணீரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். வளைவுகளில் ஹீட் கன். ஒரு தூசு உள்ளே மாட்டினாலும் புள்ளியாகத் தெரியும் என்பதால் அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை.

வண்டியைக் கொடுக்கும்போது தம்பி சில விஷயங்கள் சொன்னார். ஒரு வாரம் கழுவக் கூடாது. பறவை எச்சத்தைக் காயவிடக் கூடாது. பூஜை போடும்போது மஞ்சளையும் குங்குமத்தையும் ஃபிலிமில் அப்ப வேண்டாம், கறை பிடிக்கும், கண்ணாடியில் வைக்கலாம். வாஷ் செய்கிறபோது விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டில் தானே மறையும். சாவியால் ஆழமாகக் கீறினால் மறையாது. வாரன்ட்டி அட்டையில் ரோல் நம்பரும் எந்தெந்தப் பகுதியில் ஒட்டியது என்பதும் எழுதப்பட்டிருந்தன. ஒட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் அது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் தயங்கினார். "இவ்வளவு காசு போட்டாச்சு. இப்ப இந்த ஃபிலிம்ல கீறல் விழுந்தா?"

தம்பி சிரித்தார். "கீறல் வாங்கிக்கத்தானுங்க ஐயா அதை ஒட்டியிருக்கு. வண்டியை ஓட்டுங்க."

அடுத்த வாரமே பழனி. மனைவி முன்சீட்டில், காலை நீட்டி உட்கார்ந்து வந்தார். திரும்பும் வழியில் ஒரு ஜல்லி லாரிக்குப் பின்னால் போனபோது முன்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் குனிந்து பம்பரைப் பார்த்தார். கடுகளவு ஒரு வடு. நகத்தால் தடவிப் பார்த்தார்.

"ஃபிலிம்லதான்" என்று சொல்லிவிட்டு, டிக்கியைத் திறந்து பஞ்சாமிர்த டப்பாக்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போர்வை அன்று மடித்தபடியே இருந்தது.