நான் பயம் என்று நினைத்தது

2021 ஜூன் 12. எங்கள் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. முதற்பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் இடிக்காமலே மைதானத்தில் விழுந்தார். சக வீரர்கள் அவரைச் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். அந்த வட்டத்துக்குள் அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் அழத் தொடங்கினேன். எரிக்சனுக்காக அழுகிறேன் என்று அப்பா நினைத்தார். அது பாதிதான் உண்மை.

எனக்கு அப்போது 15 வயது. பத்து நாட்களுக்கு முன் எங்கள் பட்மின்டன் கிளப்பில் அணிக்கு ஆட்களைத் தெரிவுசெய்தார்கள். 19–18 என்று நான் முன்னுக்கு நின்றேன். சேர்வ் போடப் போன நேரம், நெஞ்சுக்குள் யாரோ சுவிட்ச் போட்டதுபோல இருந்தது. துடிப்பை எண்ணவே முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. குனிந்து சப்பாத்து நூலைக் கட்டுவதுபோல நடித்தேன். கொஞ்ச நேரத்தில், போட்ட மாதிரியே சுவிட்ச் அணைந்தது. ஆட்டத்தை வென்றேன்.

அப்படி நடந்தது அது மூன்றாவது தடவை. கோச்சிடம் சொன்னால் அணியில் இடம் போய்விடும். அம்மாவிடம் சொன்னால் ராக்கெட்டே போய்விடும். அதோடு, எனக்குப் போட்டியென்றால் பயம், அவ்வளவுதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

அன்றிரவு சொல்லிவிட்டேன்.

"காலமை சாப்பிடாமல் ஓடினால் இப்பிடித்தான்" என்றார் அம்மா. அப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "ஏன் பிள்ளை, முதலே சொல்லேல்லை?"

வைத்தியர் எடுத்த முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. சும்மா படுத்திருக்கும்போது என் இதயம் ஒழுங்காகத்தான் துடித்தது. பிறகு ஒரு சின்னப் பதிவுக் கருவியை நெஞ்சில் ஒட்டி, விளையாடச் சொல்லி அனுப்பினார்கள். அதில் பிடிபட்டது: நிமிடத்துக்கு 210 துடிப்பு.

வைத்தியர் விளக்கியது இதுதான். போட்டிக்கு முன் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன. இதயம் வேகமாகவும் பலமாகவும் துடித்துத் தசைகளுக்கு இரத்தத்தை அனுப்பத் தயாராகிறது. பந்தைத் தொட முதலே துடிப்பு 100ஐத் தாண்டலாம். இது நோயில்லை. ஆனால் எனக்கு இதயத்தில் மின்சாரம் போகும் பாதை ஒன்று பிறப்பிலேயே கூடுதலாக இருந்தது. அட்ரினலின் கூடும்போது மின்சாரம் அந்த வழியாகத் திரும்பி வந்து சுற்றிச் சுற்றி ஓடியது. இதை எஸ்விடி என்பார்கள். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பதற்றத்தின்போது உயிரையே எடுக்கக்கூடிய வேறு கோளாறுகளும் உண்டு. எது எது என்று வெளியிலிருந்து பார்த்து நாமே முடிவுசெய்ய முடியாது.

பயத்தில் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். எனக்கு வந்தது சட்டென்று தொடங்கிச் சட்டென்று நின்றது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, தொடையடி இரத்தக் குழாய் வழியாக மெல்லிய வயரை இதயம்வரை கொண்டுபோய், அந்தக் கூடுதல் பாதையைச் சுட்டுவிட்டார்கள். அந்தப் பருவத்தில் அணியில் என் இடம் வேறொருத்திக்குப் போனது. அதற்கும் அழுதேன்.

எரிக்சனுக்கு நடந்தது வேறு, எனக்கு நடந்தது வேறு. அவருடைய இதயம் நின்றே போயிருந்தது. மைதானத்திலேயே மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். இதயத்தைக் கண்காணிக்கும் கருவியொன்றை உடலுக்குள் வைத்துக்கொண்டு 2022இல் திரும்ப ஆட வந்தார். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் கோலும் அடித்தார்.

நீங்களும் விளையாடுகிறவர் என்றால் கேளுங்கள். ஓடும்போது மயங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ, துடிப்பு சுவிட்ச் போட்டதுபோல எகிறினாலோ, வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, அடுத்த போட்டி முடியட்டும் என்று இருக்காதீர்கள். வீட்டிலும் கோச்சிடமும் சொல்லி வைத்தியரிடம் போங்கள்.

நான் இன்னும் விளையாடுகிறேன். 19–18 என்றால் இன்றும் நெஞ்சு இடிக்கும். இப்போது அது பயம் மட்டும்தான்.