சிற்றுயிரின் மூச்சு

அத்திப்பட்டில் வாழ்வோர்க்கு மூச்சின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சாலைப் புழுதியும் அதனை நாள்தோறும் உணர்த்துகின்றன. அம்மூச்சு மனிதருக்கு மட்டுமன்று, நம்மை அண்டி வாழும் சிற்றுயிர்களுக்கும் உரியது.

பொமரேனியன் போன்ற சிறுவகை நாய்கள் சிலவற்றுக்கு நடுவயதில் வாத்தின் குரலையொத்த இருமல் தொடங்குகிறது. மூச்சுக்குழலைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் வலுவிழந்து தட்டையாவதே காரணம். நோய் முற்றினால் மூச்சுத் திணறி நாக்கு நீலம் பாரிக்கும்.

இதற்கு இன்று ‘ஸ்டென்ட்’ உண்டு. நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய கம்பியால் ஆன வலைக்குழல் அது. நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, கழுத்தைக் கீறாமல், வாய்வழியே அதனைச் சுருக்கிச் செலுத்துவர். உள்ளே விடுவித்ததும் தானே விரிந்து குழலைத் தாங்கி நிற்கும். ஆயினும் அது நோயை நீக்குவதன்று. கம்பி முறியலாம், உள்ளே சதை வளரலாம், இருமலும் மருந்தும் வாழ்நாள் முழுதும் தொடரலாம்.

நம் பங்கில் தனித்து வாழும் தாய் ஒருவர், “சாமி, ஒரு நாய்க்காக இவ்வளவு செலவழிப்பது பாவமாகுமா?” என்று வினவினார். எளிதில் தள்ளிவிடத்தக்க வினாவன்று அது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2418ஆம் எண்ணில் இரண்டையும் ஒருங்கே உரைக்கிறது: விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது, மனிதரின் துயர்துடைக்க முதற்கண் செல்லவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது.

இவ்விரண்டுக்கும் இடையே வழியுண்டு. 1994இல் வெளியான ஆய்வொன்றில், இந்நோயுற்ற 100 நாய்களுள் 71, அறுவையின்றி மருந்தாலும் பராமரிப்பாலும் ஓராண்டுக்கு மேல் நலமாயிருந்தன. கழுத்துப்பட்டைக்கு மாற்றாக மார்பைச் சுற்றிய வார், உடல் எடையைக் குறைத்தல், கொசுவர்த்திப் புகையைத் தவிர்த்தல், மருத்துவர் தரும் இருமல் மருந்து ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. 1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. முதலில் அங்குக் காட்டுங்கள் என்றேன். இவையாவும் பயனற்று மூச்சே தடைபடும்போது ஸ்டென்டைப் பற்றி எண்ணலாம். அப்போதும் ஒரு கேள்வி எஞ்சும்: இது நாயின் வேதனையைக் குறைக்குமா, அன்றி நமது பிரிவுத்துயரைத் தள்ளிப்போடுமா?

அன்பர்களே, அதே சாம்பல்தான் அடுத்த வீட்டுக் குழந்தையின் நெஞ்சிலும் இறங்குகிறது. நாய்க்காகச் சன்னலை மூடும் கை, இருமும் அக்குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் நீளுமானால், அந்தத் தாயின் செலவைப் பாவமென்று எவர் கூறுவர்?