ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காய்ச்சல் பெட்டி!

பாஸ், ரிச்சி ஸ்ட்ரீட் போயிருக்கீங்களா? இன்ஜினீயரிங் படிச்சுக்கிட்டு 'இல்லை'னு சொன்னீங்கன்னா உங்க இன்டர்னல் மார்க்கில் பத்து கட்! மினி புராஜெக்ட்டுக்கு சென்சார் வாங்க, செத்துப்போன பென் டிரைவுக்கு உயிர் கொடுக்க, சும்மா வேடிக்கை பார்க்கன்னு நாம எல்லாரும் ஒருநாள் போய் நிற்கிற திருத்தலம் அது. நான் போனது வேற காரியத்துக்கு. சண்டை போடப் போனேன்!

முதல்ல வழி சொல்லிடறேன். மெட்ரோவில் வந்தா அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்குங்க. அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கொஞ்ச தூரம் நடந்தா போதும். 'இதுதானா தெரு?'னு சந்தேகப்படாதீங்க. ரிச்சி ஸ்ட்ரீட்னு நாம சொல்றது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடுன்னு பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து ஊரே வெச்ச பேர் அது. ஒரு காலத்தில் ரேடியோ பார்ட்ஸ், அப்புறம் டி.வி. பார்ட்ஸ், இப்போ கம்ப்யூட்டரும் சி.சி.டி.வி-யும். ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க. முக்கால்வாசி ஷட்டர் மூடியிருக்கும்.

நான் போனது 2025 மே மாசம். கத்திரி வெயில். திண்டிவனத்திலிருந்து ரயிலில் எழும்பூர் வரைக்கும் மடியில் ஒரு சி.பி.யு. பெட்டி, அதைச் சுத்தி அம்மாவோட பழைய போர்வை. 'குழந்தையா தம்பி?'னு எதிர் சீட் பாட்டி எட்டிப் பார்த்தாங்க. 'ஆமா பாட்டி, காய்ச்சல்'னு சொன்னேன். காமெடிக்குச் சொன்னதுதான். ஆனா அதுதான் நிஜம்னு அன்னிக்கு சாயங்காலம் தெரிஞ்சுது!

கதைக்கு வர்றேன். எங்க அப்பா கல்யாண வீடியோகிராபர். மாடி ரூம்தான் ஸ்டூடியோ, மேல சிமென்ட் ஷீட். ஷூட் பண்றது ஒருநாள் வேலைன்னா, எடிட் பண்ணி ஃபைனல் வீடியோவா எக்ஸ்போர்ட் பண்றது ராத்திரி முழுக்க ஓடுற வேலை. பழைய மெஷின் தள்ளாடினதால, ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் ஒரு 'காம்போ' வாங்கிக் கொடுத்தேன். காம்போன்னா புராசஸர், மதர்போர்டு ரெண்டும் சேர்த்து. புராசஸர், 2017-ல் வந்த ஏஎம்டி ரைசன் 5 1600. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஆறு கோரும் சேர்ந்து முழு மூச்சா ஓடும்போது 3.4 கிகாஹெர்ட்ஸ். ஒரு முழுக் கல்யாணம் ஆறு மணி நேரத்தில் எக்ஸ்போர்ட் ஆச்சு. அப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

அதோட விட்டிருக்கலாம். 'இன்னும் ஸ்பீடு ஏத்தித் தர்றேன்ப்பா'னு வாயைக் கொடுத்தேன்!

ஓவர்கிளாக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பு, அதை 38 மடங்கு ஆக்கினா 3.8 கிகாஹெர்ட்ஸ். வேகம் கூடினா சிப்புக்கு வோல்டேஜும் கூடக் கொடுக்கணும். பயாஸில் 38-னு போட்டேன். 1.4 வோல்ட் கொடுத்தேன். சேவ், ரீஸ்டார்ட். விண்டோஸ் ஜம்முனு வந்துச்சு. காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி எக்ஸ்போர்ட் முடிய ஏழு மணி நேரம் ஆச்சு. ஆமா பாஸ், ஸ்பீடு ஏத்தினதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் லேட்!

நானும் சும்மா இல்லை. சந்தேகப்பட்டியல் போட்டேன். ஒண்ணு, போர்டு. ரைசனில் ஏ320 சிப்செட் போர்டு ஓவர்கிளாக்குக்கு இடம் கொடுக்காது. எங்களோடது பி350, அது கொடுக்கும். ரெண்டு, விண்டோஸ் பவர் செட்டிங். மாத்திப் பார்த்தாச்சு, பலன் இல்லை. மூணு, புராசஸர் சூடு. 78 டிகிரிதான் காட்டுச்சு. இந்தச் சிப் 95 வரைக்கும் தாங்கும். ஆனா, பத்து நிமிஷம் 3.8-ல் ஓடும், திடீர்னு 1.55-க்கு விழும், கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடும், மறுபடி விழும். மாரத்தானில் நடுநடுவே உட்கார்ந்துக்கிற ஆள் மாதிரி!

மூணாவது ராத்திரி 92 சதவிகிதத்தில் ஹேங். காலையில் பொண்ணு வீட்டுக்காரங்க வீடியோ வாங்க வந்துட்டாங்க. மாப்பிள்ளை அன்னிக்கே துபாய் கிளம்பறார். அப்பா கையைப் பிசைஞ்சுக்கிட்டு, 'சாயங்காலம் ஏர்போர்ட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறேன்'னார். கொண்டுபோயும் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டலை. அன்னியிலிருந்து மெஷின் பக்கத்தில் சேர் போட்டுக்கிட்டு ராத்திரி முழுக்கக் காவல் இருக்க ஆரம்பிச்சார். திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

சரி, டப்பா சிப்பைத் தலையில் கட்டிட்டாங்கன்னு முடிவு பண்ணி, பெட்டியோட ரயில் ஏறினேன்.

இப்போ ரிச்சி ஸ்ட்ரீட். கடைக்காரர் அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். பத்துக்குப் பத்து கடை, ஏ.சி. உண்டு, உட்கார இடம் இல்லை. நான் கத்தினதை முழுசா கேட்டார். 'டீ சாப்பிடறியா தம்பி?'ன்னார். அங்கேயே என் சண்டை பாதி காலி!

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டினார். ப்ளோயர் வெச்சு அடிச்சார். திண்டிவனத்துப் புழுதி சிந்தாதிரிப்பேட்டையில் பறந்துச்சு. அதே 3.8, அதே 1.4 வோல்ட், முழு லோடு. ஒரு மணி நேரம் ஓடவிட்டார். ஒரு தடவைகூட விழலை! எனக்கு அவமானமா போச்சு.

'சிப் மேல தப்பு இல்ல தம்பி. இதை வீட்டுல எங்கே வெச்சிருக்கே?'

கம்ப்யூட்டர் டேபிளுக்குக் கீழே, கதவு போட்ட அறைக்குள்ளேன்னு சொன்னேன். மாடி, சிமென்ட் ஷீட், கத்திரி வெயில்... சொல்லச் சொல்ல எனக்கே உரைக்க ஆரம்பிச்சுது.

கொரோனா காலத்தில் நெத்தியில் காட்டினாங்களே, அந்த ஜாதித் துப்பாக்கி ஒண்ணு எடுத்தார். புராசஸரைக் குறி வைக்கலை. அதுக்குப் பக்கத்தில் வரிசையா இருந்த குட்டிக் குட்டி கறுப்புச் சதுரங்களைக் காட்டினார். 84 டிகிரி! 'இதுங்கதான் மாஸ்ஃபெட். எஸ்.எம்.பி.எஸ்-லேர்ந்து வர்ற 12 வோல்ட்டை ஒண்ணே கால், ஒண்ணரைன்னு குறைச்சு சிப்புக்கு ஊட்டுறது இவனுங்க. உன் போர்டு சீப் போர்டு, இவனுங்க தலையில ஹீட் சிங்க் இல்ல. இங்கே ஏ.சி-யில, திறந்து வெச்சே 84. உன் டேபிளுக்குள்ள?'

அதுக்குள்ள நூறைத் தாண்டும். தாண்டினா, போர்டு தன்னைக் காப்பாத்திக்க சிப்பின் வேகத்தைப் பிடிச்சு இழுக்கும். நான் புராசஸர் சூட்டை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன். காய்ச்சல் பக்கத்து வீட்டுக்காரனுக்கு!

அப்புறம் ஒரு பில் புக்கின் பின்பக்கத்தில் கணக்கு போட்டுக் காட்டினார். செமஸ்டரில் நான் மனப்பாடம் பண்ணி மறந்த ஃபார்முலாதான். சிப் தின்கிற பவர், வோல்டேஜின் வர்க்கத்தையும் வேகத்தையும் பொறுத்தது. நான் 1.2-லிருந்து 1.4-க்கு ஏத்தினேன். வர்க்கம் பண்ணினா சுமார் 1.36 மடங்கு. வேகம் 3.4-லிருந்து 3.8, அது 1.12 மடங்கு. ரெண்டையும் பெருக்கினா 1.52. அதாவது, 12 சதவிகித வேகத்துக்கு 52 சதவிகிதம் கூடுதல் சூடு! ஆறு மணி நேர வேலையில் மிச்சம் எவ்வளவு? எல்லாம் சரியா ஓடினாலும் 38 நிமிஷம். இதுக்கா எங்க அப்பா ராத்திரி சேரில் உட்கார்ந்திருந்தார்?

'அப்போ ஓவர்கிளாக்கே வேஸ்ட்டாண்ணே?'ன்னேன். அண்ணன் முகம் மலர்ந்துடுச்சு. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ கதை சொன்னார். பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாத்தினா, 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடுமாம். கிட்டத்தட்ட சும்மா கிடைச்ச ஐம்பது சதவிகிதம்! 2000-ல் வந்த ஏஎம்டி டியூரானில், சிப் மேல இருந்த சின்னச் சின்னப் புள்ளிகளை பென்சிலால் கோடு போட்டு இணைச்சா பூட்டுத் திறந்துடும். பென்சில் முனையின் கிராஃபைட் கரன்ட் கடத்துமில்லையா, அந்த ட்ரிக். 2011-ல் ஏஎம்டி எஃப்எக்ஸ் சிப்பைக் கடுங்குளிரில் உறையவெச்சு 8.429 கிகாஹெர்ட்ஸ் ஓட்டி கின்னஸில் ஏறினாங்க. 'அப்போ கம்பெனிக்காரன் நிறைய மிச்சம் வெச்சு வித்தான். இப்போ டர்போன்னு பேர் வெச்சு, ஏத்துறதை அவனே ஏத்திடறான். நமக்கு மிச்சம் கம்மி. கேம் ஆடறவன் ஹேங் ஆனா ரீஸ்டார்ட் பண்ணிக்குவான். முகூர்த்தம் ஹேங் ஆனா என்ன தம்பி பண்ணுவே?'

பதில் இல்லை. டீயைக் குடிச்சேன்.

சண்டை போட வந்தவன்கிட்ட அவர் வாங்கினது ஒரு சின்ன ஃபேனுக்கும் பேஸ்ட்டுக்கும் மட்டும் காசு. ஊருக்குத் திரும்பி, அவர் சொன்ன வரிசைப்படியே செஞ்சேன். நீங்களும் மாட்டினா உதவும், குறிச்சுக்கங்க:

முதல்ல, ஏத்தினதை எல்லாம் இறக்கி, பழைய செட்டிங்கில் ஒழுங்கா ஓடுதான்னு பாருங்க. ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. பெட்டியைத் திறந்துவெச்சு ஒரு தடவை, மூடி ஒரு தடவை ஓட்டுங்க. வித்தியாசம் வந்தா, பிரச்னை காத்துதான். சிப் குளிர்ச்சியா இருக்கும்போதே வேகம் விழுந்தா, மாஸ்ஃபெட் மேல ஒரு ஃபேனைத் திருப்பிவிட்டுப் பாருங்க. விழறது நின்னா, திருடன் சிக்கிட்டான்!

எனக்குச் சிக்கினான். பழைய செட்டிங்கில் ஒரு குறையும் இல்லை. திரும்ப 3.8-க்கு ஏத்தி, டேபிளுக்குள் கதவைச் சாத்தினா விழுந்துச்சு. வெளியே எடுத்து ஃபேனைத் திருப்பிவிட்டதும் விழறது நின்னுச்சு. ஆனா 3.8-ஐ நான் வெச்சுக்கலை. 3.5 கிகாஹெர்ட்ஸ், அதே 1.2 வோல்ட். பெட்டியைக் கீழ் வீட்டில் ஜன்னலோரமா இறக்கிவெச்சேன். கணக்குப்படி எனக்குக் கிடைச்ச லாபம் பத்து நிமிஷம். ஆமா, வெறும் பத்து நிமிஷம்! ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா சிரிப்பாங்க.

அன்னிக்கு ராத்திரியும் அப்பா சேரை இழுத்துப் போட்டார். 'வேணாம்ப்பா, போய்ப் படுங்க. நான் பார்த்துக்கிறேன்'னேன். நம்பாமத்தான் போனார். ரெண்டு மணிக்கு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். 3.5, ஒரே கோடு. ஒண்ணும் சொல்லாம போயிட்டார். நானும் தூங்கிட்டேன்.

காலையில் மானிட்டரில் 'எக்ஸ்போர்ட் கம்ப்ளீட்'. உள் ரூமிலிருந்து அப்பாவின் குறட்டைச் சத்தம். எங்க வீட்டில் இப்போ ஓவர்கிளாக் ஆகி ஓடுறது அது ஒண்ணுதான்!