"நடங்க"ன்னா எங்கே நடக்கிறது? சைதாப்பேட்டை ஸ்டேஷன்லருந்து ஒரு பதில்

1/
"தினமும் அரை மணி நேரம் நடங்க." சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தூக்கமின்மைக்கும் நான் சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சுபோன வாக்கியம் இது. எல்லாரும் தலையாட்டுவாங்க. அடுத்த மாசம் வந்து, "ஆரம்பிச்சேன் டாக்டர், விட்டுப்போச்சு" என்பாங்க. ஏன் விட்டுப்போகுது, அதுக்கு நம்ம லோக்கல் ட்ரெயின் என்ன செய்யும்? கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையாப் படிங்க.

2/
என் கிளினிக் சைதாப்பேட்டையில. பஜார் ரோடு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அங்க நடக்கிறதுங்கிறது நடக்கிறது இல்ல, ஒதுங்கறது. பைக்குக்கு ஒதுங்கணும், தள்ளுவண்டிக்கு ஒதுங்கணும், ஆட்டோவுக்கு ஒதுங்கணும். பார்க்குக்குப் போனா அதே வட்டம், அதே பெஞ்சு. பத்து நாள் சுத்தினா பதினோராவது நாள் மனசு கேட்கும்: "எதுக்கு?"

3/
அந்தக் கேள்விய என்கிட்ட நேராவே கேட்டவர் ஒருத்தர். ரிட்டையர்டு பஸ் கண்டக்டர், 62 வயசு, பத்து வருஷச் சர்க்கரை. (அவர் சம்மதத்தோட எழுதறேன். அடையாளம் தெரியற விஷயங்களை மாத்தியிருக்கேன்.) முந்தின வருஷம் மனைவி காலமாயிட்டாங்க. நர்ஸா வேலை பார்த்தவங்க. அதுக்கப்புறம் அவர் மாத்திரையும் ஒழுங்கா இல்ல, சாப்பாடும் ஒழுங்கா இல்ல. மூணு மாசச் சராசரி 9.6.

4/
"நடக்கணும் ஐயா"ன்னேன். "எங்க போறதுக்கு டாக்டர்?"ன்னார். கிண்டல் இல்ல, நிஜமாவே கேட்டார். அவர் வாழ்க்கையில நடந்த நடையெல்லாம் மூணு இடத்துக்குத்தான். டிப்போவுக்கு, கடைக்கு, நைட் டூட்டி முடிஞ்சு வர்ற மனைவியைக் கூட்டிட்டு வர பஸ் ஸ்டாப்புக்கு. முதல் வேலை முடிஞ்சுது. கடைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் போறான். மூணாவது இனி இல்ல.

5/
அப்போ பாதத்தையும் பார்த்தேன். மெல்லிய நைலான் இழையால தொட்டுப் பார்க்கிற டெஸ்ட். ரெண்டு கால்லயும் பெருவிரல் பக்கம் உணர்ச்சி குறைஞ்சிருந்தது. இப்படிப்பட்ட கால்ல முள் குத்தினா தெரியாது. புண்ணாகி, ஆறாம, கடைசியில விரலையே எடுக்க வேண்டி வந்தவங்களை ஒவ்வொரு சர்க்கரை டாக்டரும் பார்த்திருப்பார். இவரை நடக்கவும் வைக்கணும், அந்தக் காலையும் காப்பாத்தணும்.

6/
ஞாயிறு கிளினிக் கிடையாது. "வாங்க, நானும் வர்றேன்"னேன். ஒரே ஒரு விதி: ஒரு ஸ்டேஷன்ல இறங்கணும், இன்னொரு ஸ்டேஷன்ல ஏறணும். போய்ச் சேர ஓர் இடம் இருக்கு, அதனால பாதியில "போதும்"னு திரும்பத் தோணாது. முடியலைன்னா பயமும் இல்ல, பக்கத்துல எங்கேயாவது ஒரு ஸ்டேஷன் இருக்கும். செலவு, டீக்கடையில ரெண்டு பேர் உட்கார்ந்து எழுந்தா ஆகிறதுதான்.

7/
முதல் நடைக்கு ட்ரெயினே வேண்டியிருக்கல, திரும்பி வரத்தான். சைதாப்பேட்டையிலிருந்து பரங்கிமலை. நாம மறைமலையடிகள் பாலம்னு சொல்ற இடத்துல முன்னாடி இருந்தது மர்மலாங் பாலம். 1726இல் அடையாற்றின் குறுக்கே அதைத் தன் சொந்தக் காசுல கட்டினவர் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பரங்கிமலை ஏற படிக்கட்டு அமைச்சுக் கொடுத்தவரும் அவரே. மலைக்கு நடந்து போறவங்களுக்காக ஒரு மனுஷன் ஆத்தையும் தாண்ட வச்சு மலையும் ஏற வச்சிருக்கார். நம்ம கண்டக்டர் இந்தப் பாலத்துமேல முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவர். நடந்து தாண்டினது அன்னைக்குத்தான் முதல் தடவை.

8/
அடுத்த வாரம் தெற்கே. பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது 1931இல், அப்போ மீட்டர் கேஜ். இந்த லைன்ல ஒரு ஸ்டேஷன் பேரே வைத்தியம்: தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல மெண்டிப் மலைப்பகுதியில சானடோரியம் நடத்தினவர். கணித மேதை ராமானுஜன் அவர்கிட்ட சிகிச்சைக்கு இருந்திருக்கார்.

9/
காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காத்து, சத்தான சாப்பாடு, ஓய்வு, உடம்பு தேறத் தேற இன்னைக்கு இவ்வளவு தூரம்னு அளந்து கொடுக்கிற நடை. அன்னைக்கு ஐரோப்பிய சானடோரியங்கள்ல இதுதான் வைத்தியம். நடை காசநோயைக் குணப்படுத்தல, மருந்துதான் குணப்படுத்துச்சு. ஆனா "அளந்து கொடுக்கிறது"ங்கிற அந்த யோசனை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "நடங்க"ன்னு மொட்டையாச் சொல்றது டோஸ் எழுதாத சீட்டு மாதிரி.

10/
எங்க ரெண்டாவது டோஸ் சிங்கப்பெருமாள் கோவில். ஸ்டேஷன்லருந்து பக்கம்தான். பல்லவர் காலத்துக் குடைவரை, நெத்திக்கண்ணோட இருக்கிற நரசிம்மர். சின்னக் குன்று, அதைச் சுத்தி வரலாம். இங்க மட்டும் விதியைத் தளர்த்தி, இறங்கின ஸ்டேஷன்லயே ஏறினோம். வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் கண்ணாடி வச்சுப் பாருங்கன்னு சொல்லி அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது. "பார்த்தாச்சு டாக்டர், பத்தும் இருக்கு."

11/
ஒரு சந்தேகம் வரும். ஞாயிறு ஒரு நாள் நடந்தா போதுமா? போதாது. வாரத்துக்கு 150 நிமிஷம் வேணும், தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல இடைவெளி கூடாது. ஆனா நான் பார்த்தது இதுதான்: ஞாயித்துக்கிழமை மூச்சு வாங்கக் கூடாதுன்னு அவர் புதன்கிழமையே பயிற்சி எடுக்க ஆரம்பிச்சார். அதே பார்க், அதே வட்டம்தான். இப்போ "எதுக்கு?"ன்னு கேட்டா சொல்ல ஒரு பதில் இருந்தது.

12/
மூணு மாசம் கழிச்சுதான் பெரிய நடை. செங்கல்பட்டு தாண்டினா ஒரு லைன் அரக்கோணம் பக்கம் திரும்பும். பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத், அப்புறம் காஞ்சிபுரம். சென்னையிலிருந்து நேர் வண்டிகள் நாளைக்குச் சிலதுதான், டைம் பார்த்துட்டுத்தான் கிளம்பணும். செங்கல்பட்டு வரைக்கும் ஜன்னல்ல கட்டடமா வரும். இந்தப் பக்கம் திரும்பினதும் வயல், ஏரி, குன்று. லோக்கல் ட்ரெயின்ல இவ்வளவு கிராமம் இருக்கான்னு தோணும்.

13/
பழையசீவரத்துல இறங்கினோம். குன்றுமேல லட்சுமி நரசிம்மர் கோயில். மாட்டுப் பொங்கலன்னைக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு இவ்வளவு தூரம் வந்து போவார். அதாவது நடக்கப் போய்ச் சேர ஓர் இடம் வேணும்ங்கிறது சாமிக்கும் பொருந்துது. மேலேருந்து பார்த்தா பாலாறு. தண்ணியைவிட மணல் அதிகம்.

14/
பாலத்துல ஆத்தைத் தாண்டினா திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடற இடம். அங்கே பெருமாள் கோயில் சுவர்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, 11ஆம் நூற்றாண்டு. அதுல ஓர் ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி. 15 படுக்கை. வேதம் படிச்ச மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும். யாருக்கு எவ்வளவு நெல்லு, எவ்வளவு காசு, என்னென்ன மருந்து இருப்பு, ராத்திரி விளக்குக்கு எண்ணெய், எல்லாம் கணக்கு.

15/
சுவர் முன்னாடி நின்னு எனக்குத் தெரிஞ்சதை அவருக்குச் சொன்னேன். வைத்தியர் ஒருத்தர், ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன்னு பேரோட இருக்கார். அறுவை செய்யறவர் ஒருத்தர். மூலிகை கொண்டுவர ஆள். நாவிதர். தண்ணி கொண்டுவர ஒருத்தர். நோயாளிகளைக் கவனிச்சுக்க ரெண்டு பெண்கள்.

16/
"நர்சா?"
"ஆமாங்க ஐயா. நர்சுதான்."
"அவங்க பேரு?"
"பேர் இல்ல. கூலி மட்டும் இருக்கு."
கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துட்டு இருந்தார். "கூலியாவது எழுதினானே"ன்னார். அப்புறம் கோயில் நிழல்ல உட்கார்ந்து மனைவியைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். எந்த வார்டு, எந்த ஷிப்ட், நைட் டூட்டிக்கு என்ன கட்டிக்கொடுப்பார், எல்லாம். ஒரு வருஷமா என் ரூம்ல உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாத விஷயம் அது. என் ரூம்ல ஒருத்தருக்குக் கிடைக்கிறது ஏழு எட்டு நிமிஷம். இங்க அடுத்த வண்டிக்கு மூணு மணி நேரம் இருந்தது.

17/
அங்கிருந்து வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு நடந்தோம். நடுவுல ஒரு கடையில இட்லி. ஏறின வண்டியில சைதாப்பேட்டை வரைக்கும் தூங்கிட்டே வந்தார்.

18/
நடக்கப் போறவங்களுக்கு என் சீட்டு:
• தண்டவாளத்துமேலயோ ஓரமாவோ நடக்காதீங்க. உயிருக்கு ஆபத்து, ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவுப்படி குற்றமும்கூட. ஊர் ரோடு, ஏரிக்கரை, வயல் வழி போதும்.
• விடியற்காலை வண்டி. பத்து மணிக்குள்ள நடையை முடிங்க. சித்திரை, வைகாசியில வேண்டாம்.
• பேசிக்கிட்டே நடக்க முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

19/
• சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டுனு இறக்கற மாத்திரையோ எடுக்கறவங்க பையில சர்க்கரைப் பொட்டலமோ குளுக்கோஸோ கட்டாயம். படபடப்பு, வேர்வை, நடுக்கம் வந்தா உடனே வாயில போடுங்க.
• காலுக்கு ஷூ, சாக்ஸ். ஹவாய் செருப்பு வேண்டாம். போடறதுக்கு முன்னாடி ஷூவைத் தட்டிப் பாருங்க, கல்லு கிடந்தா மரத்த காலுக்குத் தெரியாது.
• பாதத்துல புண் இருந்தா ஆறற வரைக்கும் இந்த நடை கிடையாது.
• நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வந்தா அந்த இடத்துலயே நிறுத்துங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

20/
அவருக்கு இப்போ மூணு மாசச் சராசரி 7.4. நடையால மட்டும்னு சொல்ல மாட்டேன். மாத்திரையை மாத்தினோம், அதை ஒழுங்காவும் சாப்பிட ஆரம்பிச்சார். கால்ல போன உணர்ச்சி திரும்பி வரல, வரும்னு நான் சொல்லவும் இல்ல. ஆனா புண் எதுவும் இல்ல.

21/
இப்போ என் கிளினிக் வெளிபெஞ்சுல உட்கார்ந்திருக்கிற நாலு பேரை அவரே ஞாயிறுகள்ல கூட்டிட்டுப் போறார். பாதி வாரம் நான் போறதில்ல. டைம்டேபிளை ஒரு பழைய டயரியில கையால எழுதி வச்சிருக்கார். கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தி ஒவ்வொருத்தர் ஷூவையும் கழட்டச் சொல்லித் தட்டிப் பார்ப்பாராம். "டிக்கெட் செக்கிங் மாதிரிதான் டாக்டர், ஒருத்தரையும் விடமாட்டேன்"னு சொன்னார்.

22/
உங்க வீட்டுப் பக்கத்துல ஒரு ஸ்டேஷன் இருக்கும். அதுலருந்து முக்கால் மணி நேரம் போனா எந்த ஊர் வருதுன்னு பாருங்க. வர்ற ஞாயிறு அங்க இறங்கி, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நடங்க. வீட்ல தனியா இருக்கிற பெரியவர் யாராவது இருந்தா அவரையும் கூட்டிட்டுப் போங்க.