பெயருக்குப் பக்கத்தில் நிற்பது

ஆங்கிலப் பெயரடைக்கு ஒருமை பன்மை இல்லை, ஆண்பால் பெண்பால் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். வரிசை என்று ஒன்று உண்டு என்றதும் முகம் வாடிவிடும்.

நம் அபிப்பிராயம் முதலில். பிறகு அளவு, வயது, நிறம், ஊர். எதனால் செய்தது என்பது கடைசியில், பெயரை ஒட்டி. ‘லவ்லி ஓல்ட் ரெட் சில்க் சாரி’ சரி. ‘சில்க் ரெட் ஓல்ட் லவ்லி சாரி’ என்றால் ஆங்கிலேயர் காதில் உறுத்தும். ஏன் என்று கேட்டால் அவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது. எழுத்தாளர் டோல்கீன் ஏழு வயது வாக்கில் எழுதிய கதையில் ‘கிரீன் கிரேட் டிராகன்’ வந்ததாம். ‘கிரேட் கிரீன்’ என்றுதான் வர வேண்டும் என்றாராம் அம்மா. அது ஏன் என்று இன்னமும் யோசிப்பதாக 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார், அத்தனை பெரிய மொழியறிஞர்!

2017இல் ஸ்கான்ட்ராஸ், டேகன், குட்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். ஆளுக்கு ஆள் மாறக்கூடிய அடை, பெயரைவிட்டுத் தள்ளி நிற்கிறது. யார் பார்த்தாலும் மாறாதது நெருங்கி நிற்கிறது. சேலை பட்டுதானா இல்லையா என்பதில் சண்டை வராது. அழகா என்பதில் மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன வீடு எது? (‘பிக் பேட் உல்ஃப்’ மாதிரி வரிசை மீறுபவையும் உண்டு. மொழி என்றால் அப்படித்தான்.)

எனக்கு இது இலக்கணத்தோடு நிற்கவில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் ‘தங்கமான பையன்’ என்று ஆரம்பித்தால், அந்தத் தங்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு மேலே கேட்பேன். என்ன வேலை, கடன் உண்டா, தங்கையின் படிப்புக்கு யார் பணம் கட்டினார்கள்? பையன் அங்கேதான் தெரிவான். யாரையாவது திட்டிக்கொண்டு வருகிறவர்களிடமும் இதே கேள்விதான்: அவர் என்ன செய்தார், அதைச் சொல்லுங்கள்.

போன மாதம் பேரன் தன் பயோடேட்டாவைக் காட்டினான். ‘ஹார்டுவொர்க்கிங், சின்சியர், டைனமிக்’. எல்லாம் வரிசையில் முதலில் நிற்கிற சங்கதிகள். அடித்துவிட்டு, செய்த வேலையை மட்டும் எழுதச் சொன்னேன்.

“அப்படிப் பார்த்தா ரெண்டு வரிதான் தாத்தா மிஞ்சும்.”

“மிஞ்சட்டும். அந்த ரெண்டு வரியிலதான் அவங்க கேள்வி கேட்பாங்க.”